டாட்ஜ் கிங்ஸ்வேக்கு ஓர் இன்ஜின்: அத்திப்பட்டுப் பட்டறை ஒன்றின் கணக்கு

இந்தியாவில் நெடுங்காலம் ஓடிய அமெரிக்கக் கார்களுள் பல, தம் ஆயுளின் பிற்பாதியை வேறு நாட்டு இன்ஜினோடுதான் கழித்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் தொடங்கிய தொழிற்சாலை, கப்பலில் பெட்டிகளாக வந்திறங்கிய பாகங்களைப் பூட்டி ஷெவர்லே கார்களை வெளியே அனுப்பியது. உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இனி இடமில்லை என்று அரசு 1953இல் முடிவு செய்ததைத் தொடர்ந்து அது 1954இல் மூடப்பட்டது. கிரைஸ்லர் குழுமத்தின் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ கார்களைப் பம்பாயின் குர்லாவில் பூட்டிவந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனமும் பின்னர் ஃபியட்டின் சிறிய கார்களுக்கு மாறிவிட்டது. புதிய கார்கள் வருவது நின்றபோதும், ஏற்கெனவே விற்கப்பட்டவை கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டே இருந்தன. அவற்றுக்கான பிஸ்டனும் வால்வும் கடைகளில் அருகிவந்தன. 1973இன் எண்ணெய் நெருக்கடியில் பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்று டாலராக இருந்த கச்சா எண்ணெய், 1974 ஜனவரிக்குள் பதினோரு டாலரைத் தாண்டியபோது, மூன்றரை லிட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் இன்ஜினை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துவது வாடகைக் கார்க்காரர்களுக்கும் நடுத்தர முதலாளிகளுக்கும் இயலாததாயிற்று. டீசலோ அரசின் வரிக் கொள்கையால் பெட்ரோலைவிட மலிவாகவே விற்கப்பட்டுவந்தது. இவ்விரண்டு காரணங்களும் சேர்ந்துதான் இன்ஜின் மாற்றும் தொழிலை நாடெங்கும் பட்டறைகளில் வளர்த்தன.

அந்தத் தொழிலில் எந்தக் காருக்கு எந்த இன்ஜின் என்று முடிவெடுத்த முறை, செய்தவர்களின் கைகளில் இருந்ததே தவிர, எழுத்துக்கு வந்தது குறைவு. இக்கட்டுரை 1990களின் நடுப்பகுதியில் அத்திப்பட்டுப் பட்டறை ஒன்றில் நடந்த ஒரு மாற்றத்தை, அப்போது அங்கே அளவெடுத்து வரைந்து கொடுக்கும் வேலையில் இருந்த இளைஞர் ஒருவரின் நினைவிலிருந்து பதிவு செய்கிறது. அந்த இளைஞரே இக்கட்டுரையாளர்.

அத்திப்பட்டு, சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் புறநகர் ரயில் பாதையில், எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் இடையே உள்ளது. இந்தப் பாதையை ஒட்டிய நிலப்பரப்பு, மோட்டார் வாகனம் ஒன்றின் பாகங்களைத் தனித்தனியே பிரித்துப் பரப்பி வைத்தது போன்றது: திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளும், எம்.ஆர்.எஃப். டயரும், கார்போரண்டம் யுனிவர்சலின் சாணைச் சக்கரங்களும். எண்ணூரில், 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தோன்றி ஆஸ்டின் கார்களைப் பூட்டி, 1955இல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனத்தின் லாரிகளும். சற்றுத் தெற்கே, பெரம்பூரை அடுத்த செம்பியத்தில் சிம்ப்சன் நிறுவனம் இருக்கிறது. 1840இல் குதிரை வண்டி கட்டும் தொழிலில் தொடங்கிய அந்நிறுவனம், எஸ். அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் கீழ் வந்தபின், இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரைச் சேர்ந்த பெர்க்கின்ஸின் டீசல் இன்ஜின்களை 1950களின் தொடக்கத்திலிருந்து உற்பத்தி செய்யத் தொடங்கியது. வட சென்னைக்காரர்களுக்கு இது வெறும் தொழில் வரலாறு அன்று; வீட்டுக்கு ஒருவராவது இந்த ஆலைகளுள் ஒன்றில் லேத்தோ மில்லிங் மெஷினோ ஓட்டியிருப்பார், ஓய்வு பெற்றபின் தெருமுனையில் ஒரு சிறு பட்டறை போட்டிருப்பார்.

இங்கே குறிப்பிடப்படும் பட்டறையும் அவ்வாறு தோன்றியதுதான். அதை நடத்தியவர் லாரி ஆலையொன்றில் பல்லாண்டுகள் இன்ஜின் பிரிவில் இருந்தவர்; எல்லோரும் அவரை மேஸ்திரி என்றே அழைத்தனர். வட சென்னை அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகுகள் மூன்றும் 1994க்கும் 1996க்கும் இடையே ஒவ்வொன்றாக இயங்கத் தொடங்கிய காலம் அது. கட்டுமான ஒப்பந்தக்காரர்களின் டிப்பர்கள், கான்கிரீட் கலவை இயந்திரங்கள், காற்றழுத்தக் கம்ப்ரஸர்கள் ஆகியவையே பட்டறையின் அன்றாட வரும்படி. அவற்றுள் பலவற்றில் இருந்தது சிம்ப்சன் இன்ஜின். ஆகவே அந்த இன்ஜினின் நாசில் அடைப்பிலிருந்து கிராங்க் தேய்வு வரை அங்கிருந்த பையன்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யத்தக்க வேலையாக இருந்தது. பின்னால் எழுந்த விவாதத்துக்கு இந்தப் பழக்கமே முதல் காரணம்.

விவாதத்துக்குரிய கார், டாட்ஜ் கிங்ஸ்வே என்னும் நான்கு கதவு செடான். மீஞ்சூரை அடுத்த கிராமமொன்றில் அரிசி ஆலை வைத்திருந்த குடும்பத்துக்குச் சொந்தமானது. 1950களின் தொடக்கத்தில் குர்லாவிலிருந்து வந்தது. அகன்ற முகப்பும், உயர்ந்த பானெட்டும், முன்னிருக்கையில் மூவர் அமரும்படி ஒரே நீள இருக்கையும், ஸ்டியரிங் தண்டிலேயே கியர் கம்பியும் உடைய அந்தக் கார் ஏறத்தாழ 1,400 கிலோ எடை கொண்டது. அதன் இன்ஜின் 217.8 கன அங்குலக் கொள்ளளவுள்ளது. லிட்டரில் சொன்னால் 3.6. ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்க, வால்வுகள் சிலிண்டரின் தலைக்கு மேலே இல்லாமல் பக்கத்திலேயே பிளாக்குக்குள் அமைந்திருக்கும். இவ்வகையைத் தட்டைத்தலை இன்ஜின் எனலாம். 3,600 சுற்றில் 97 குதிரைத்திறன் தரும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. ஓடும்போது உள்ளே இருப்பவர்களுக்கு இன்ஜின் இருப்பதே தெரியாது என்று பழைய ஓட்டுநர்கள் சொன்னதில் மிகையில்லை.

அந்த அமைதியான இன்ஜினைத் தின்றது மீஞ்சூரின் தண்ணீர். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்ந்து உருவாக்கிய அப்பகுதியின் நிலத்தடி நீர்வளத்தைச் சென்னை நகரின் குடிநீருக்காகவும் மணலித் தொழிற்சாலைகளுக்காகவும் பல்லாண்டுகள் இடைவிடாமல் உறிஞ்சியதால், கடல்நீர் நிலத்துக்கடியில் மெல்ல மெல்ல மேற்கு நோக்கி நகர்ந்து கிணறுகளை உப்பாக்கியது. நீரியல் அறிஞர்கள் தொடர்ந்து ஆராய்ந்துவரும் நிகழ்வு அது. இனித்த கிணற்றிலிருந்து ரேடியேட்டருக்கு நீர் ஊற்றிப் பழகிய குடும்பம், கிணறு கரித்த பின்னும் அதையே ஊற்றியது. கிரைஸ்லர் குழுமத்தின் தட்டைத்தலை இன்ஜினில், நீர் பம்புக்குப் பின்னால் பிளாக்கின் நீளத்துக்கும் செருகப்பட்ட ஒரு மெல்லிய தகரக் குழாய் உண்டு. அதில் இடையிடையே உள்ள துளைகள் வழியாகத்தான் குளிர்ந்த நீர் ஆறு சிலிண்டர்களின் வால்வு இருக்கைகளுக்கும் சமமாகப் போய்ச்சேரும். அக்குழாய் துருப்பிடித்து உதிர்ந்தால், முன் சிலிண்டர்கள் குளிர்ச்சியாகவும் பின் சிலிண்டர்கள் கொதித்தும் இருக்கும். புகை வெளியேறும் வழிகளும் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால், இவ்வகை இன்ஜினில் நீரின் மேல் ஏறும் வெப்பம் இயல்பிலேயே அதிகம். மேஸ்திரி ரேடியேட்டரையும் பம்பையும் கழற்றிக் கொக்கியை விட்டு இழுத்தபோது, குழாய் என்று வெளியே வந்தது பழுப்புநிறச் செதில்கள்தான். கடைசி இரு சிலிண்டர்களுக்கிடையே பிளாக் வெடித்திருந்தது.

பிளாக் வெடிக்காமல் இருந்திருந்தால் வேறு இன்ஜினைப் பற்றிய பேச்சே எழுந்திருக்கக் கூடாது என்பது கட்டுரையாளரின் உறுதியான கருத்து. மேஸ்திரியின் கருத்தும் அதுவே. டாட்ஜ் இன்ஜினில் தாங்கிகள் கழற்றி மாட்டத்தக்க மெல்லிய ஓடுகளாக உள்ளன. அதே குடும்பத்து இன்ஜின் பழைய பெட்ரோல் லாரிகளிலும் இருந்ததால், புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் பொறுமையாகத் தேடுகிறவருக்குச் சில பாகங்களாவது கிடைத்துக்கொண்டிருந்தன. அதே காலத்து ஷெவர்லேயின் 216 கன அங்குல இன்ஜின் அப்படியல்ல. அதன் தாங்கிகள் உருக்கிய வெள்ளை உலோகத்தை அச்சில் ஊற்றிச் சுரண்டிப் பொருத்த வேண்டியவை, அந்தக் கைத்திறன் உடையவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தனர். வெடித்த வார்ப்பிரும்பைப் பற்றவைக்கும் முயற்சியும் நடந்தது. பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதிய விரிசல் ஓடியதும் அந்த வழி அடைபட்டது.

"வண்டி என்ன வேலைக்குன்னு சொல்லுங்க, மொதலாளி. மெஷினப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார் மேஸ்திரி. ஆலை முதலாளி சொன்ன வேலைகள் இரண்டு. ஒன்று, குடும்பத்தோடு திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் போய்வருவது. மற்றது, சுற்று வட்டாரத் திருமணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்குக் காரை அனுப்புவது. நாகஸ்வரமும் தவிலும் முன்னே நடக்க, பெட்ரோமாக்ஸ் விளக்குகள் இருபுறமும் வர, கார் ஆள் நடக்கும் வேகத்தில் மணிக்கணக்கில் ஊர வேண்டும். காற்று ரேடியேட்டரில் படாமல், இரவுப் புழுக்கத்தில் தட்டைத்தலை இன்ஜின் கொதித்ததும், சூடான குழாயில் பெட்ரோல் ஆவியாகிக் கார் நின்றதும், மாப்பிள்ளையை இறக்கித் தள்ளியதும் அவ்வட்டாரத்தில் பலரும் அறிந்தவை. ஆகவே தேட வேண்டிய இன்ஜினின் இலக்கணம் அங்கேயே பாதி எழுதப்பட்டுவிட்டது: நடைவேகத்தில் கொதிக்கக் கூடாது, நெடுஞ்சாலையில் திணறக் கூடாது.

முதலாளியின் மனம் சிம்ப்சனில் இருந்தது. அவருடைய ஆலையையும் பம்பு செட்டையும் காத்தது அதுதான். நம்மூர்ச் சரக்கு என்ற பற்றும் இருந்தது. பட்டறைப் பையன்களும் அதையே விரும்பினர். பெர்க்கின்ஸின் பி வரிசை இன்ஜின்கள் எல்லாவற்றுக்கும் சிலிண்டரின் அளவு ஒன்றே, மூன்றரை அங்குல விட்டமும் ஐந்து அங்குல ஓட்டமும். சிலிண்டரின் எண்ணிக்கையை வைத்து பி3, பி4, பி6 என்று பெயர். ஆறு சிலிண்டர் பி6 4.73 லிட்டர் கொள்ளளவுடையது, நீளத்திலும் எடையிலும் லாரிக்குரியது. கிங்ஸ்வேயின் பானெட்டுக்குள் அதைத் திணிக்க நினைப்பது வீண். நான்கு சிலிண்டர் பி4 3.15 லிட்டர். ஆறு சிலிண்டர் இருந்த இடத்தில் நான்கு சிலிண்டர் என்பதால் நீளத்துக்குப் பஞ்சமில்லை. ஐந்து அங்குல ஓட்டத்தால் உயரம் கூடினாலும் கிங்ஸ்வேயின் உயர்ந்த பானெட் அதைத் தாங்கும். அளவுகோலை வைத்துப் பார்த்தவரையில் பி4 உட்காரும் என்றே தோன்றியது. அம்பாசடரின் ஒன்றரை லிட்டர் இன்ஜின், பெட்ரோலாயினும் டீசலாயினும், தெருவுக்குத் தெரு கிடைத்தது. ஆனால் அந்த டீசல் இன்ஜின் தந்த 37 குதிரைத்திறன் அம்பாசடரையே இழுக்கத் தடுமாறியது என்பதால் அதைப் பற்றி எவரும் இரண்டாம் முறை பேசவில்லை. எண்ணூரிலேயே வார்க்கப்பட்ட லேலண்ட் இன்ஜின்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஆறு லிட்டரைச் சுற்றிய அவற்றின் பருமனால் பயனற்றவை.

மற்ற இரண்டு தேர்வுகள் புதியவை. மகிந்திரா ஜீப்பில் வந்த, பிரான்சின் பெஜோ வடிவமைத்த 2,112 சி.சி. டீசல் இன்ஜின் ஒன்று. பஜாஜ் டெம்போ நிறுவனம் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸிடம் உரிமம் பெற்றுத் தயாரித்த ஓ.எம். 616 மற்றொன்று; 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர். மெர்சிடிஸின் 240டி காரில் 1973இல் அது 65 குதிரைத்திறனோடு அறிமுகமானது. டிராக்ஸ், டிராவலர் வேன்களில் பரவியிருந்ததால், விபத்தில் நொறுங்கிய வேன்களிலிருந்து இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே கிடைக்கத் தொடங்கியிருந்தன.

இவற்றுள் எது என்பதை இன்ஜினை வைத்து முடிவு செய்யாமல் பின்னச்சை வைத்து முடிவு செய்தார் மேஸ்திரி. இன்ஜின் மாற்றத்தில் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவது பின்னச்சு விகிதம்தான் என்பதால் இந்தக் கணக்கை விரிவாகச் சொல்வது தகும். கியர்பாக்ஸிலிருந்து நீளும் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றினால் பின்சக்கரங்கள் ஒரு முறை சுற்றும் என்பதே அவ்விகிதம். கிரவுன் பினியன் என்று பட்டறைகள் சொல்லும் பற்சக்கர இணை அதைத் தீர்மானிக்கிறது. காரின் பின்பகுதியை ஜாக்கியில் தூக்கி, ஷாஃப்டில் சுண்ணாம்புக் கோடு இழுத்து, இரண்டு சக்கரங்களையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றியபோது கோடு நான்கு சுற்றுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. பிளிமத் குடும்பத்தில் வழக்கமான 3.9 அது. சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் சுமார் 2.2 மீட்டர். பி வரிசை இன்ஜின் 2,400 சுற்றுக்கு மேல் போகாதபடி கவர்னர் என்னும் கட்டுப்பாட்டுக் கருவி தடுக்கும். 2,400ஐ 3.9ஆல் வகுத்து 2.2ஆல் பெருக்கி, அறுபது நிமிடத்துக்குக் கணக்கிட்டால் மணிக்கு 81 கிலோமீட்டர் வருகிறது. அதாவது இன்ஜின் தன் உச்சத்தில் கதறிக்கொண்டிருக்கும்போதுதான் கார் 81இல் போகும். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டரும் போகாது. பழைய பெட்ரோல் இன்ஜினோ 3,600 சுற்றில் அதே கணக்கின்படி 120ஐத் தாண்டும், 80இல் அது ஓய்வாக ஓடும். கிரவுன் பினியனை மாற்றினால் பி4ஐயும் ஓய்வாக ஓட வைக்கலாம்தான். அந்த ஹவுசிங்குக்குப் பொருந்தும் வேறு விகிதம் கிடைக்க வேண்டுமே. ஓ.எம். 616 4,200 சுற்று வரை போகக்கூடியது என்பதால், பின்னச்சைத் தொடாமலே நெடுஞ்சாலை வேகம் கைகூடும்.

நடைவேகத்துக்கும் அதே கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். கிங்ஸ்வேயின் மூன்று கியர் பெட்டியில் முதல் கியரின் விகிதம் 2.57. இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்றில் சும்மா ஓடும்போதும் முதல் கியரில் கார் மணிக்கு எட்டு கிலோமீட்டரில் நகரும். ஊர்வலம் நகர்வது அதில் பாதிக்கும் குறைவாக. அந்த இடைவெளியை ஓட்டுநர் கிளட்சைப் பாதி மிதித்தே சமாளித்துவந்தார். ஒவ்வொரு முகூர்த்த மாதத்துக்குப் பின்னும் கிளட்ச் பிளேட் கருகியதன் காரணம் அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. ஓ.எம். 616ஐ அதன் நான்கு கியர் பெட்டியோடு சேர்த்து எடுத்தால், முதல் கியரின் விகிதம் பெரிதாகி நடைவேகம் நெருங்கிவரும். டீசல் இன்ஜின் சும்மா ஓடும்போது மிகக் குறைந்த எரிபொருளை ஏராளமான காற்றில் எரிப்பதால், வெப்பமும் பெட்ரோல் இன்ஜினைவிடக் குறைவு.

பி4ஐ விட்டுக்கொடுக்க முதலாளிக்கு மனமில்லை. அவரை மாற்றியது கணக்கு அன்று, காது. பட்டறையில் கம்ப்ரஸர் ஒன்றில் இருந்த சிம்ப்சனை மேஸ்திரி மெதுவோட்டத்தில் வைத்துக் காட்டி, இதற்கு முன்னால் நாகஸ்வரக்காரர் தோடி வாசித்தால் எடுபடுமா என்று கேட்டார். பி வரிசையில் ஒவ்வொரு சிலிண்டரும் ஏறத்தாழ 790 சி.சி.; ஓ.எம். 616இல் 600. பெரிய சிலிண்டரில் நிகழும் ஒவ்வொரு வெடிப்பும் தனித்து விழுந்து காரின் உடலை உலுக்கும். முன்னச்சின் மேல் ஏறும் எடையும் கணிசமாகக் கூடும். பவர் ஸ்டியரிங் இல்லாத காரில் அது ஓட்டுநரின் தோளுக்குத் தண்டனை. பெஜோ இன்ஜினைப் பொறுத்தவரை எதிர்ப்பென்று எதுவும் இருக்கவில்லை. மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் வேன்களாக ஓடிக்கொண்டிருந்த டெம்போக்களின் எண்ணிக்கைதான் தராசைச் சாய்த்தது. வழியில் நின்றால் பாகமும் தெரிந்த கையும் எந்த ஊரில் கிடைக்கும் என்பதும் தேர்வின் ஓர் அங்கம், பட்டறைகள் இதை ஒருபோதும் மறப்பதில்லை.

தேர்ந்தெடுத்த இன்ஜினைப் பொருத்தும் வேலை வேறு சிக்கல்களைத் திறந்தது. கிரைஸ்லர் இன்ஜின் முன்புறத்திலும் பின்னால் கிளட்ச் கூட்டின் அருகிலும் ரப்பர் தாங்கிகளில் தொங்குகிறது. 1931இல் பிளிமத் காரில் அந்நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏற்பாட்டின் வழிவந்தது அது, இன்ஜினின் இயல்பான அசைவு அச்சையே தாங்கிகளின் கோடாக்கி அதிர்வை உடலுக்குக் கடத்தாமல் தடுப்பது. ஓ.எம். 616க்கு இரு பக்கமும் கால்கள் தேவை. சேஸியின் பக்கச் சட்டங்களில் அவற்றுக்கு இருக்கை ஏதும் இல்லை. அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு தடித்த இரும்புத் தகட்டில் வெட்டி, சட்டத்தின் நடுவரியில் துளையிட்டு, போல்ட்டும் வெல்டிங்குமாகக் கால்கள் கட்டப்பட்டன. செயின் புல்லியில் தொங்கிய இன்ஜினை ஏற்றி இறக்கி, முன் குறுக்குச் சட்டமும் ஸ்டியரிங் கம்பிகளும் ஆயில் சம்பில் இடிக்காத உயரத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. இன்ஜினை இயன்றவரை பின்னே தள்ளி வைத்தனர், எடை முன்னச்சுக்குப் பின்னால் விழ வேண்டும் என்பதற்காக. அதன் விளைவாக விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்தது. விசிறி சுழன்றாலும் காற்று ரேடியேட்டர் வழியாக வராமல் பக்கங்களிலிருந்து புகும். டிங்கர் ஒருவர் தகரத்தில் கூண்டு அடித்து அந்த இடைவெளியை மூடினார். ஊர்வலத்தில் கார் கொதிக்காமல் இருந்ததற்கு இன்ஜினைவிட அந்தக் கூண்டே காரணம் என்று கட்டுரையாளர் இன்றும் கருதுகிறார்.

கியர்பாக்ஸை மாற்றியதால் கைப்பிரேக் போயிற்று. கிரைஸ்லர் கார்களில் கைப்பிரேக் பின்சக்கரங்களில் இல்லை. கியர்பாக்ஸின் பின்முனையில் ஷாஃப்டைப் பிடிக்கும் தனி டிரம்மில் இருந்தது. பழைய டிரம்மை விட்டுவிடாமல், புதிய கியர்பாக்ஸின் வெளிமுனைக்குப் பொருந்தும் இணைப்புத் தட்டொன்றை லேத்தில் கடைந்து, டிரம்மை அங்கேயே திரும்பப் பொருத்தியது அவ்வேலையின் மிக நுட்பமான பகுதி. தட்டின் மையம் பிசகினால் ஷாஃப்ட் துடிக்கும், துடித்தால் கியர்பாக்ஸின் தாங்கி பாடத் தொடங்கும். டயல் கேஜை ஊன்றித் தட்டைச் சுற்றிப் பார்த்து, ஐந்து தௌவுக்குள், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள், ஆட்டம் அடங்கும்வரை மேஸ்திரி விடவில்லை. ஷாஃப்டையும் வெட்டி நீளம் திருத்தி, கிரைஸ்லருக்கே உரிய உருளை வகை இணைப்பை நீக்கி லாரிகளில் உள்ள கிராஸ் இணைப்பு வைக்கப்பட்டது. ஸ்டியரிங் தண்டின் கியர் கம்பி வேலையற்றுப் போய், தரையிலிருந்து ஒரு கியர் கம்பி எழும்பியதால், முன்னிருக்கையில் நடுவே ஒருவர் அமர்வது இயலாததாயிற்று. இது முதலாளி குடும்பத்துக்கு உண்மையான இழப்பு, அதை மறைப்பதற்கில்லை.

மின் அமைப்பும் தலைகீழாக மாறியது. பழைய டாட்ஜில் ஆறு வோல்ட். பேட்டரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். உயர் அழுத்தத்தில் இயங்கும் டீசல் இன்ஜினைச் சுழற்ற ஆறு வோல்ட் போதாது என்பதால் பன்னிரண்டு வோல்ட்டுக்கும் எதிர்முனை இணைப்புக்கும் மாறி, பல்புகள் எல்லாவற்றையும் மாற்ற நேர்ந்தது. சாவியைத் திருப்பினால் டீசல் இன்ஜின் நிற்காது, எரிபொருளைத்தான் நிறுத்த வேண்டும். ஆகவே டாஷ்போர்டில் ஒரு நிறுத்துக் கம்பி.

இதே பட்டறைக்குப் பின்னர் ஒரு ஷெவர்லே வந்தபோது மேஸ்திரி வேலையை ஏற்க மறுத்துவிட்டார். 1954 வரையிலான ஷெவர்லே கார்களில் ஷாஃப்ட் திறந்து ஓடுவதில்லை. கியர்பாக்ஸின் பின்முனையோடு பிணைந்த தடித்த குழாய்க்குள் ஓடுகிறது, பின்னச்சின் உந்துவிசை முழுவதையும் அக்குழாயே முன்னே கடத்துகிறது. கியர்பாக்ஸை மாற்றினால் பின்னச்சு, ஸ்பிரிங், பிரேக் கம்பிகள் என அனைத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தால் இயங்கும் அதன் மழைத்துடைப்பான், அந்த உறிஞ்சல் இல்லாத டீசல் இன்ஜினில் அசையவே அசையாது. இந்த வேலைகளைச் செய்து முடித்தால் மிஞ்சுவது ஷெவர்லேயின் தகரம் மட்டுமே என்றார் அவர்.

கிங்ஸ்வேயின் மாற்றம் சட்டப்படியே நடந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அக்காலத்தில், பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு இத்தகைய மாற்றத்துக்கு இடம் கொடுத்தது. இன்ஜின் வாங்கிய ரசீதைக் காட்டி, ஆய்வாளர் எண்ணைச் சரிபார்த்து, பதிவுப் புத்தகத்தில் எரிபொருளும் இன்ஜின் எண்ணும் திருத்தப்பட்டன. 2000ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வாசலைச் சுருக்கியது; தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வாகனம் மாறக் கூடாது என்றாயிற்று, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பாதுகாப்பைக் கருதும்போது இந்தக் கண்டிப்பில் நியாயம் உண்டு. ஐந்து தௌவுக்குள் மையம் பார்க்கிற மேஸ்திரிகள் எல்லாப் பட்டறைகளிலும் இல்லை.

ஆனால் 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பழம்பெரும் வாகனப் பிரிவைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை. ஐம்பது ஆண்டைக் கடந்த கார்களுக்குத் தனிப் பதிவு அளிக்கும் அப்பிரிவு, முதல் வடிவத்தில் இருப்பவற்றையே ஏற்கிறது. சேஸியிலோ உடலிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் நிகழ்ந்திருந்தால் தகுதி இல்லை. டாட்ஜ் கிங்ஸ்வே என்பதே ஏற்றுமதிக்காக பிளிமத்தின் உடலில் டாட்ஜ் முகப்பைப் பொருத்திய கார். அதே காலத்தில் குர்லாவிலிருந்து வந்த டாட்ஜ், ஃபார்கோ லாரிகள் செம்பியத்தில் செய்த பெர்க்கின்ஸ் பி6 இன்ஜினோடு தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டன. அமெரிக்கச் சேஸிக்குச் சென்னை இன்ஜின் என்ற முடிவை அங்கே எடுத்தவர் தயாரிப்பாளர். அதே வகை முடிவைத் தெருப்பட்டறை எடுத்தால் மட்டும் அது வரலாற்றுக்கு வெளியே போய்விடுகிறது என்பதைக் கட்டுரையாளரால் ஏற்க முடியவில்லை. அந்த இன்ஜின் இல்லாமல் மீஞ்சூர்க் கார் 1990களிலேயே புதுப்பேட்டையில் எடைக்குப் போயிருக்கும். உரிய ஒப்புதலோடு, 2000ஆம் ஆண்டுக்கு முன் இன்ஜின் மாற்றப்பட்ட கார்களுக்கு அவ்விதிகளில் ஓர் உட்பிரிவு சேர்ப்பது கடினமானதன்று. மாற்றிய ஆண்டு, இன்ஜினின் வகை, எண், ஒப்புதல் அளித்த அலுவலகம் ஆகிய நான்கையும் கேட்டால் போதும், அவை அந்தக் காலப் பதிவுப் புத்தகங்களில் மையால் எழுதி முத்திரையிடப்பட்டவை.